கஸ்பாரின் கை

செத்துப்போனவனோடு போட்டிபோட்டு ஜெயித்தவன் எவனாவது உண்டா? உயிரோடிருப்பவன் என்றால் என்றைக்காவது ஒருநாள் சொதப்புவான். காய்ச்சலில் படுப்பான். மச்சினனோடு சண்டைபோட்டுவிட்டு வந்து மேடையில் தப்புத்தப்பாக வாசிப்பான். கஸ்பாருக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவன் செத்து இரண்டு வருஷமாகிறது. இருந்தும் தூத்துக்குடி முத்தொளி இன்னிசைக் குழுவின் கிதார்காரன் இன்றைக்கும் அவன்தான். பிரிட்டோ அவனுக்குக் கையை இரவல் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான்.

அப்படித்தான் பிரிட்டோ நம்பிக்கொண்டிருந்தான்.

மற்ற குழுக்களில் கிதார்காரனுக்குக் காலிலும் வேலை உண்டு. முன்னால் வரிசையாக எஃபெக்ட்ஸ் பெடல்கள் கிடக்கும். பல்லவிக்கு ஒரு சத்தம், இடையிசைக்குக் கரகரப்பு, சரணத்துக்கு எதிரொலி என்று பாட்டு நடக்க நடக்க மிதித்து மாற்றவேண்டும். குனிந்து பார்த்தால் சுரம் தப்பும், பார்க்காமல் மிதித்தால் பெடல் தப்பும். முத்தொளிக் குழுவில் அந்த அவஸ்தை இல்லை. கீபோர்டு வாசிக்கும் இசக்கிமுத்துவின் லேப்டாப்பிலிருந்து ஒரு மிடி வயர் வரும். அதில் சத்தம் போகாது, கட்டளைதான் போகும். பாட்டில் இந்த இடம் வந்ததும் நாலாம் நம்பருக்கு மாறு என்றால் பெடல் மாறிக்கொள்ளும், ஏன் எதற்கு என்று கேட்காது. கிதார்காரன் காலை ஆட்டிக்கொண்டு நிற்கலாம்.

வயிற்றெரிச்சல் அதில் இல்லை. இசக்கியின் பெட்டிக்குள், கறுப்புத் துணிக்கு அடியில், வேறொரு பெடல் இருந்தது. கைநிழல் என்று பேர். பிரிட்டோ குழுவில் சேர்ந்த அன்றைக்கு இசக்கி அதைத் துணியை விலக்கிக் காட்டினான்.

"இது சத்தத்த மாத்துத பெடல் இல்லல மாப்ள. கையை மாத்துத பெடல். ஒருத்தன் ஒரு வருசம் இதுல சொருகி வாசிச்சாம்னா அவன் கையைப் படிச்சு வச்சுக்கிடும். தந்திய எவ்வளவு வளைப்பான், எங்க அவசரப்படுவான், எங்க நிப்பான், எல்லாத்தையும். பெறவு எந்தப் பய வாசிச்சாலும் வெளிய வாரது அந்தக் கைதான்."

"அந்தக் கைக்காரரு எனக்குப் பிந்தி வாசிக்கிற ஆளா இருந்தா சரிண்ணே, பெடல் என் சுரத்தப் புடிச்சு வச்சு விடும். முந்துற ஆளா இருந்தா? நான் இன்னும் தட்டாத சுரத்த அது எப்படித் தட்டும்?"

"உன் இடது கை எங்க போய் உக்காருதுன்னு தந்தி சொல்லிரும். பாட்டும் அதுக்கு மனப்பாடம். மிச்சத்த ஊகிச்சுக்கிடும். நீ தொடுததுக்கு முன்னாடியே தட்டிரும்."

"யம்மாடி."

"பன்னெண்டாம் நம்பர்ல கஸ்பார் அண்ணன் இருக்காரு. மத்த நம்பரெல்லாம் காலி. காலி நம்பருக்குப் போனா உன் கை அப்படியே வெளிய போகும்."

ஒரு மனுஷனைப் பன்னிரண்டாம் நம்பரில் வைத்திருக்கிறார்கள்! பிரிட்டோவுக்கு அன்றைக்கே ஓடிவிடலாம் போலிருந்தது. வீட்டு நிலைமைக்கு வேறு குழு தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதால் தலையை ஆட்டினான்.

பாடகி அமலி கஸ்பாரின் மனைவி. நாற்பத்தைந்து வயது இருக்கும். மேடையில் நின்றால் பின்வரிசைக் குழந்தைகூட அழுகையை நிறுத்தும், அப்படி ஒரு குரல். ஆனால் நுரையீரல் பழையபடி இல்லை. நீளமான வரி வந்தால் நடுவில் ஒரு மூச்சு எடுத்தே ஆகவேண்டும். அந்த மூச்சுக்குப் பக்கவாத்தியம் நின்று கொடுக்கவேண்டும். பிரிட்டோவுக்கு முன் இரண்டு கிதார்காரர்கள் இதே பெடலில் வாசித்துப் பார்த்தார்கள். இரண்டு பேரையும் அமலி அழுதுகொண்டே அனுப்பிவிட்டாள். "இது அவுக இல்ல" என்று சொல்லிவிட்டாளாம்.

பிரிட்டோ வாசித்த முதல் பாட்டில், அவள் மூச்செடுத்த இடத்தில் கிதார் நின்றது. அவள் தொடர்ந்ததும் தொட்டுக்கொண்டு வந்தது. பாட்டு முடிந்ததும் அவள் கிதாரைப் பார்த்துக் கும்பிட்டாள். பிரிட்டோவைப் பார்த்து இல்லை, கிதாரைப் பார்த்து.

"ஒங்கிட்டதான் தம்பி அவுக சரியா எறங்குதாவ" என்றாள்.

சாமியாடியிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டாள். பிரிட்டோவுக்கு அன்றையிலிருந்து தூக்கம் போயிற்று.

கூட்டம் கைதட்டும். மண்டப வாசலில் பெரியவர்கள் நிறுத்திவைத்து, "கஸ்பாரே வந்து வாசிச்ச மாதிரி இருந்துச்சுப்பா" என்பார்கள். பிரிட்டோ பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். உள்ளுக்குள் பற்றி எரியும். பத்து வயதிலிருந்து விரல் தோல் உரிய உரியப் பழகிய கை. அது எங்கே போயிற்று? ஒரு பாட்டிலாவது, ஒரே ஒரு பாட்டிலாவது, அவன் கை அவன் பேரில் வெளியே வரவேண்டும். வேறெதற்கும் அவன் ஆசைப்படவில்லை.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, நல்ல வெளிச்சத்தில், வீட்டு முன்னறையில் கிதாரை எடுத்து உட்கார்ந்தான். பெடல் கிடையாது, வயர் கிடையாது, ஒன்றும் கிடையாது. அவன் மனைவி ரோஸ்லின் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். பிரிட்டோ சும்மா அவள் பாட்டுக்குக் கூடவே வாசித்தான். அவள் மூச்செடுக்க நிறுத்திய இடத்தில் அவன் கை தானாக நின்றது. அதே நிற்றல். மேடையில் இயர்போன் வழியாகக் காதுக்குள் கேட்கிற அதே நிற்றல்.

கிதாரைக் கீழே போட்டுவிட்டான்.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்று ஓடிவந்தாள் ரோஸ்லின்.

"அவன் வந்துட்டான் பிள்ள. வீடு வரைக்கும் வந்துட்டான்."

காதுக்குள் ஓயாமல் கேட்கிற கையைத்தானே தன் கையும் பின்பற்றும் என்று அவன் புத்தி ஒரு விளக்கம் சொன்னது. மனசு கேட்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் அவன் கிதாரைத் தொடுவதில்லை. உறையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவான். சாப்பிடும்போது சோற்றைப் பிசைகிற விரல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ரோஸ்லின் கோயிலுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

அன்றைக்குத் தூத்துக்குடியில் ஒரு கல்யாண வரவேற்பு. மாலை ஐந்து மணிக்கே குழு மேடையில் சாமான்களைப் பரப்பிவிட்டது. பந்தியில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரிட்டோ ஒரு முடிவோடு வந்திருந்தான். நேராக இசக்கியிடம் போனான்.

"அண்ணே, இன்னைக்கு அந்த மெதுவான பாட்டுக்கு எனக்கு நம்பர் வேண்டாம். காலி நம்பருக்கு மாத்துங்க. என் வெறுங்கையால வாசிக்கேன்."

அந்த மெதுவான பாட்டு கஸ்பார் அமலிக்கென்றே மெட்டுப்போட்டது. இசக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏல, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? அந்தப் பாட்டுக்குத்தான அக்கா மேடையே ஏறுதா."

"ஒரு தடவை அண்ணே. அவங்க திட்டுனா வாங்கிக்கிடுதேன். என் கை எனக்கு இருக்கா இல்லையான்னு தெரியணும். இப்படியே போனா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்."

அவன் குரல் உடைந்ததைக் கேட்டு இசக்கிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "சவத்த விடு, அழாத. ஒத்திகைக்கு மட்டும் மாத்தித் தாரேன், வாசிச்சுப் பாரு" என்று பெட்டிக்குப் பின்னால் தவழ்ந்து போனான். கறுப்புத் துணியைத் தூக்கினான். செல்போன் வெளிச்சத்தை அடித்தான்.

குனிந்தவன் நிமிரவில்லை, உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே?"

"ஏல பிரிட்டோ. இங்க வாயேன்."

கைநிழலின் சின்னக் கண்ணாடியில் சிவப்பாக ஒரு எண் எரிந்துகொண்டிருந்தது. பதிமூன்று.

"கடைசியா அந்தப் பாட்டுலதான நிறுத்தினோம்? பன்னெண்டுல்லா இருக்கணும்" என்றான் இசக்கி. எழுந்து போய் லேப்டாப்பைப் பார்த்தான். அதில் பன்னிரண்டு என்றுதான் இருந்தது. மறுபடி அனுப்பினான். பெடல் மறுபடி பதிமூன்று என்றது. அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் ஒரு மூதில. சரியான மூதி. நீ சேந்த வாரம், மொத மேடைக்கு முன்னாடி, பழைய லேப்டாப் மழையில நனைஞ்சு போச்சுல்லா? புதுசு வாங்கினம்லா? பழசு ஒண்ணுலருந்து எண்ணும். இது பூஜ்யத்துலருந்து எண்ணுது. பெடல் ஒண்ணுலருந்துதான் எண்ணும். நான் இங்க பன்னெண்டுன்னு போட்டா அது அங்க பதிமூணா போய் விழுது."

"மத்த பெடலெல்லாம் சரியாத்தான இருக்கு?"

"அதுல சத்தம் மாறிப்போச்சுன்னா காதுல கேக்கும், அன்னைக்கே திருத்திட்டேன். இதை எப்படிலே காதால கண்டுபிடிக்கது? நீ வாசிச்ச, அக்கா அழுதா, கும்பிட்டா. கஸ்பார் அண்ணன் வந்துட்டாருன்னு நானும் நினைச்சேன்."

பிரிட்டோ அந்தச் சிவப்பு எண்ணைத் தொட்டுக் காட்டினான். "பதிமூணுல என்ன இருக்கு?"

"ஒரு மண்ணும் இல்ல."

"அப்போ இவ்வளவு நாளும்..."

"நீதான். முழுக்க நீயேதான்."

பிரிட்டோ சிரித்தான். முதலில் மெதுவாக, அப்புறம் அடக்கமுடியாமல். பந்தியில் நாற்காலி போட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தது பேயில்லை, அவனேதான்! மூச்சுக்கு நின்றது அவன் கை! அந்தக் கும்பிடு அவனுக்குரியது! அவன் தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டான், காணாமல்போன பிள்ளை கிடைத்தமாதிரி.

"இரு, இன்னொண்ணு" என்றான் இசக்கி தாழ்ந்த குரலில். "எனக்கு அப்பமே ஒரு மாதிரி இருந்துச்சு. கஸ்பார் அண்ணன் ஒருநாளும் மூச்சுக்கு நின்னவரு இல்லல. ஓடுவாரு. அக்கா பின்னாலயே மூச்சிரைக்க ஓடுவா. கடைசியில ரெண்டுபேரும் வீட்டுல பேச்சுவார்த்தையே இல்ல. மேடையில மட்டுந்தான். நான் என்ன நினைச்சேன், பெடல்தான் கொஞ்சம் பதமா ஆக்கிருச்சு போலன்னு."

பிரிட்டோ அதைக் காதில் வாங்கவே இல்லை. "நான் போய் அக்காட்ட சொல்லுதேன்."

"ஏல, சொல்லாத! பாட மாட்டா! ஏல பிரிட்டோ!"

அவன் அதற்குள் படியிறங்கிவிட்டான்.

மேடைக்குப் பக்கத்து அறையில் அமலி கண்ணாடி முன் உட்கார்ந்து, கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா தம்பி. நானே ஒன்னக் கூப்பிடணும்னு இருந்தேன். உக்காரு."

"அக்கா, ஒரு விசயம்..."

"நான் சொல்லிருதேன் முதல்ல. நேத்து என் கொழுந்தனார் வந்தாவ. அந்தப் பெடல நிறுத்திரு, செத்தவனப் புடிச்சு வைக்காதன்னு புத்தி சொன்னாவ. நான் சொன்னேன், நான் எங்க புடிச்சு வச்சேன், அவுகதான் என்னைய விடமாட்டேங்காவன்னு." அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. "ஒனக்குத் தெரியுமா தம்பி, எனக்கு நெஞ்சுல சளி கட்டுன பெறவு பாடவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவுகதான் பாட வச்சாவ. நான் மூச்சு எடுக்குற வரைக்கும் கிதாரப் புடிச்சிட்டு நிப்பாவ. வீட்டுல ஆயிரம் சண்ட இருக்கும். மேடையில எனக்காக நிப்பாவ. அந்த ஒண்ணுக்காகத்தான் நான் அவுகளோட வாழ்ந்தேன்."

பிரிட்டோவின் வாயில் சொல் தயாராக இருந்தது. நின்றது அவர் இல்லை அக்கா, நான். இவ்வளவுதான் சொல்லவேண்டும்.

"நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லக்கா. ஆரம்பிக்கலாமான்னு கேக்க வந்தேன்."

வெளியே வந்தபோது அவனுக்குத் தன்மேலேயே கோபமாக வந்தது. கோழை என்று திட்டிக்கொண்டான். பாட்டு முடியட்டும், இன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவுகட்டினான். இதில் தப்பென்ன? உண்மையைத்தானே சொல்லப்போகிறான்?

மணமக்கள் மேடைக்கு வந்தார்கள். கூட்டம் நிறைந்தது. மங்களகரமாக இரண்டு பாட்டு போயிற்று. மூன்றாவதாக அந்த மெதுவான பாட்டு. பிரிட்டோ கண்ணை மூடினான். இந்தப் பாட்டை இன்றைக்குத்தான் தன் கை என்று தெரிந்து முதல்முதலாக வாசிக்கப்போகிறான். நெஞ்சு படபடத்தது, கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு இருந்திருக்காது.

முதல் சுரத்துக்கு விரலைக் கொண்டுபோனான். விரல் தந்தியைத் தொடும் முன்பே சுரம் கேட்டது.

அடுத்த சுரமும் அப்படியே. அவன் விரல் போய்ச் சேர்வதற்குள் அங்கே ஒருவன் தட்டிவிட்டுப் போயிருந்தான். கூர்மையான, கெட்டியான, அவசரக்காரக் கை. தந்தியை வளைக்காமல் வெட்டிவெட்டி எடுத்தது. பிரிட்டோ திரும்பி இசக்கியைப் பார்த்தான். இசக்கி கலங்கிய முகத்தோடு தலையாட்டினான். அமலியிடம் எல்லாவற்றையும் சொல்லப் போனவன் சொல்லிவிட்டிருப்பான் என்று நினைத்து, இனியாவது அவளுக்கு நிஜக் கஸ்பாரைக் கொடுப்போம் என்று, இந்தப் பாட்டுக்கு மட்டும் லேப்டாப்பில் பன்னிரண்டைப் பதினொன்றாகத் திருத்தியிருந்தான், அந்தக் கூறுகெட்டவன்.

ஆக, வந்திருந்தது கஸ்பார். இரண்டு வருஷத்துக்கு முன் மண்ணுக்குள் போன கை, பிரிட்டோவின் காதுக்குள் வாசித்துக்கொண்டிருந்தது. நன்றாகவும் வாசித்தது, அதைச் சொல்லவேண்டும். ஆனால் யாருக்காகவும் வாசிக்கவில்லை. பிரிட்டோ தன் கையை மெதுவாக்கிப் பார்த்தான். அது இழுத்துக்கொண்டு ஓடியது. அவன் ஒரு சுரத்தை விட்டே பார்த்தான். விட்ட சுரமும் ஒலித்தது.

அமலி இரண்டாவது வரியில் மூச்செடுத்தாள். கிதார் நிற்கவில்லை. அவள் தடுமாறி ஓடிப்பிடித்தாள். மூன்றாவது வரியில் மறுபடி மூச்சு, மறுபடி அது நிற்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பிரிட்டோவால் தாங்கமுடியவில்லை. வழியில் குழந்தையின் கை நழுவிவிட்டால் தாய் பார்ப்பாளே, அந்தப் பார்வை. சரணத்தின் முதல் வரியில் குரல் பிசிறி, இருமல் வந்தது. மைக்கை விலக்கிக்கொண்டு இருமினாள். முன்வரிசையில் சலசலப்பு எழுந்தது. கிதார் அவளில்லாமலேயே போய்க்கொண்டிருந்தது.

பிரிட்டோ இசக்கியைப் பார்த்து விரல்களை விரித்துக் காட்டினான். பத்து, அப்புறம் மூன்று. இசக்கி விழித்தான். "மாத்துண்ணே!" என்று பிரிட்டோ மேடையென்றும் பாராமல் கத்தினான்.

இசக்கி தட்டினான். காதுக்குள் இருந்தவன் பாதிச் சுரத்தில் போனான்.

அமைதி. பிரிட்டோவின் விரல் தந்திமேல் இருந்தது. அமலி மூச்சை இழுத்தாள், போதாமல் இன்னொரு தடவை இழுத்தாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. பிரிட்டோ நின்றான். அவள் வாய் திறந்து முதல் சொல்லை எடுத்ததும் தொட்டான். அவள் முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. அதற்கப்புறம் அந்தப் பாட்டு போன போக்கைப் பற்றி அந்தக் கல்யாண வீட்டார் இன்றும் பேசுகிறார்களாம்.

பாட்டு முடிந்து, உறவினர்கள் வரிசையில் வந்து பரிசு கொடுக்க ஆரம்பித்தார்கள். குழுவுக்குச் சற்று ஓய்வு. அமலி தண்ணீர் குடித்துவிட்டு நேராகப் பிரிட்டோவிடம் வந்தாள்.

"தம்பி, மொதப் பாதி வாசிச்சது யாரு?"

பிரிட்டோ அவளைப் பார்த்தான். கேட்டுவிட்டாள். அவனாகப் போய்ச் சொல்லவேண்டிய வேலைகூட இல்லை. அது உங்க வீட்டுக்காரர், இது நான். அப்புறம் காலமெல்லாம் அவன் கை அவன் பேரில் இருக்கும். அவளுக்கு என்ன இருக்கும்? வீட்டிலும் மேடையிலும் ஒருநாளும் நிற்காத ஒருவன் இருப்பான். அவனைத்தான் அவள் இனி ராத்திரிகளில் நினைத்துக்கொண்டு படுக்கவேண்டும்.

இசக்கி கீபோர்டைப் பார்த்தபடி தலைகுனிந்து நின்றான்.

"நான்தான்க்கா" என்றான் பிரிட்டோ. "நம்பர் விழல. என் வெறுங்கை. மன்னிச்சிருங்க."

அமலி நீண்ட பெருமூச்சு விட்டாள். தோள்கள் தளர்ந்தன.

"நெனச்சேன். கொஞ்ச நேரத்துல உயிரே போயிட்டு எனக்கு. அவுக என்னைய விட்டுட்டுப் போயிட்டாவளோன்னு." பிறகு அவன் முகம் வாடியிருப்பதைக் கண்டு மனம் இளகி, தோளில் தட்டினாள். "வருத்தப்படாத தம்பி. நல்லாத்தான் வாசிக்க. கையில வேகம் இருக்கு. ஆனா இன்னொருத்தருக்காக நிக்கணும்னா அதுக்கு ஒரு மனசு வேணும். அது எல்லாருக்கும் வந்துராது."

"சரிக்கா."

அவள் இசக்கி பக்கம் திரும்பினாள். "இனி எல்லாப் பாட்டுக்கும் அவுக நம்பரையே போட்டுரு இசக்கி. ஒரு பாட்டுலயும் தம்பி கைய வெளிய விட்டுராத."

இசக்கி பிரிட்டோவைப் பார்த்தான். பிரிட்டோ கிதாரின் சுருதியைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டான்.

"பன்னெண்டுதானக்கா?" என்றான் இசக்கி.

"பன்னெண்டுதான்."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் பன்னிரண்டு என்று அடித்தான். கறுப்புத் துணிக்கு அடியில் பதிமூன்று எரிந்தது. பரிசு வரிசை முடிந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் அடுத்த பாட்டுக்குக் கைகாட்டினார். அமலி மைக்கை எடுத்து, கிதாரை ஒருமுறை கும்பிட்டு, மூச்சை இழுத்தாள். பிரிட்டோ காத்து நின்றான்.